ஓடும் வண்டியில் அறாத பேச்சு



சில மாதங்களுக்கு முன்பு திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்கு என் பேத்தியுடன் ரயிலில் சென்றுகொண்டிருந்தேன். அரியலூரைக் கடந்ததும், ஊரில் இருக்கும் தன் பாட்டியோடு அவள் செல்பேசியில் பேசத் தொடங்கினாள். விருத்தாசலம் வந்தது, போயிற்று. பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை. ஒருவாறு பேசி முடித்தவள், சன்னலுக்கு வெளியே கரும்புக் கொல்லை நடுவே நின்ற ஓர் இரும்புக் கோபுரத்தைச் சுட்டிக் காட்டி என்னைக் கேட்டாள்:

"தாத்தா, இதுபோல எத்தனையோ டவர்கள் நம்மை விட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டன. ஒவ்வொரு டவரும் விடும்போது பாட்டியின் பேச்சு அறுந்து போயிருக்க வேண்டுமே! ஏன் அறவில்லை?"

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். எனினும், அந்தக் கேள்விக்கு அன்று அரைகுறையாகவே விடை கூற முடிந்தது. வீடு திரும்பிய பின் நூல்களைத் தேடிப் படித்தேன், அறிந்தவர்களைக் கேட்டேன். அவ்வாறு நான் கற்றுக்கொண்டதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், இத்தனை கோபுரங்கள் ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். செல்பேசி என்பது உண்மையில் ஒரு சிறு வானொலி நிலையம். அது கேட்கவும் செய்யும், ஒலிபரப்பவும் செய்யும். வானொலிக்கு அலைவரிசை வேண்டும். அலைவரிசையோ நிலத்தைப் போன்றது, அளவுக்கு உட்பட்டது, வேண்டும்போதெல்லாம் புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாதது. 1946-ஆம் ஆண்டு சூன் மாதம் 17-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில், காரிலிருந்தே தொலைபேசியில் பேசும் வசதி தொடங்கப்பட்டது. நகர் முழுவதற்கும் எட்டுமாறு ஓர் உயர்ந்த இடத்திலிருந்து வலிமையான அலைகளைப் பரப்பினார்கள். ஆனால், ஒருவர் பேசும் அலைவரிசையில் அந்த நகரின் எந்த மூலையிலும் மற்றொருவர் பேச இயலாது. ஆகவே, ஒரே நேரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பேச முடிந்தது. ஏனையோர் தம் முறைக்காகக் காத்திருந்தனர்.

இந்த முட்டுப்பாட்டுக்கு ஒரு வழி கண்டவர்கள் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியியலார். 1947 திசம்பரில் டக்ளஸ் ரிங் என்பவர், தம் தோழர் ரே யங் என்பவரின் துணையோடு, ஓர் உள்சுற்றுக் குறிப்பு எழுதினார். அதன் சாரம் இது: ஒரு பெரிய விளக்கை ஊர் நடுவே ஏற்றுவதற்குப் பதிலாக, தெருவுக்கு ஒரு சிறு விளக்காக ஏற்றுங்கள். ஊரைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் வலிமை குறைந்த ஒரு நிலையம் அமையுங்கள். அதன் அலை அடுத்த சில அறைகளுக்கு அப்பால் எட்டாது. எட்டாத தொலைவில் உள்ள மற்றோர் அறையில் அதே அலைவரிசையை அச்சமின்றி மீண்டும் பயன்படுத்தலாம். இந்த அறைகளைத் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணங்களாக வரைந்து காட்டினார்கள். அந்த அறைக்கே 'செல்' என்று பெயர். நம் கையில் உள்ள கருவி செல்பேசி என்று பெயர் பெற்றதும் அதனால்தான்.

ஏட்டில் வரைந்த அறுகோணம் நாட்டில் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலை, மாடிக் கட்டடம், அடர்ந்த தோப்பு ஆகியவை அலையைத் தடுத்தும் திருப்பியும் செல்லின் எல்லையைக் கோணல் மாணலாக்கிவிடும். நகரில் ஒரு செல் சில நூறு மீட்டரே இருக்கும். நாட்டுப்புறத்தில் பல கிலோமீட்டர் பரந்திருக்கும்.

எந்த ஆதாயத்துக்கும் ஒரு விலை உண்டு. செல்லைச் சிறிதாக்கினால் அலைவரிசை மிச்சமாகும். ஆனால், எல்லைகள் பெருகும். நாங்கள் சென்ற வண்டி மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 30 மீட்டர். ஒரு செல்லின் அகலம் 3 கிலோமீட்டர் என்றால் அதனைக் கடக்க 100 விநாடியே ஆகும். பத்து நிமிடப் பேச்சில் ஆறு எல்லைகள்! ஒவ்வோர் எல்லையிலும் பேச்சை ஒரு நிலையத்தின் பொறுப்பிலிருந்து மற்றொரு நிலையத்தின் பொறுப்புக்கு மாற்றியாக வேண்டும். இச்செயலைப் பொறியியலார் 'ஹேண்டோவர்' என்பர். நாம் கைமாற்றம் என்று வழங்குவோம்.

இனி, இக்கைமாற்றத்தை முடிவு செய்வது யார் என்பதே நம் கேள்வி. செல்பேசியா? கோபுரத்து நிலையமா?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. செல்பேசி உங்கள் சட்டைப் பையில் பேச்சின்றிக் கிடக்கும்போது, எந்த நிலையத்தைச் சார்ந்திருப்பது என்பதை அதுவே தேர்ந்துகொள்கிறது. எவ்வகையில் தேர வேண்டும் என்ற விதிகளை நிலையங்கள் இடைவிடாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். செல்பேசி அவற்றைக் கேட்டு, தானே அளந்து, தானே மாறிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்தையும் அது அறிவிப்பதும் இல்லை. அறிவித்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். பல செல்கள் சேர்ந்த ஒரு பெரு வட்டாரத்தை விட்டு வேறு வட்டாரத்துக்குள் நுழையும்போது மட்டும், "இங்கே வந்திருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். இடையிடையே, "இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்றும் சொல்லும். உங்களுக்கு ஓர் அழைப்பு வந்தால், அந்த வட்டாரத்து நிலையங்களின் வாயிலாக உங்களைக் கூவி அழைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

பேச்சு தொடங்கிவிட்டாலோ நிலைமை வேறு. இப்போது முடிவு செய்யும் உரிமை வலையமைப்புக்கே உரியது; செல்பேசி அதன் கட்டளைக்குக் காத்திருக்கும். காரணம் எளியது. அடுத்த நிலையத்தின் அலை வலிமையாக இருப்பதைச் செல்பேசி அறியும். ஆனால், அங்கே இடம் இருக்கிறதா என்பதை அது அறியாது. அதை அறிந்தது வலையமைப்பு ஒன்றே.

தொடக்க நாளில் செல்பேசிக்கு இதில் எவ்வகைப் பங்கும் இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏமஸ் ஜோயல், பேச்சை அறாமல் ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் இணைப்பு முறைக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். 1983 அக்டோபர் 13-இல் சிகாகோ நகரில் தொடங்கிய பொதுச் சேவையில், நிலையங்களே செல்பேசியின் குரலை அளந்தன. குரல் மெலிந்தால், "உங்களில் யாருக்கு இவன் குரல் நன்றாகக் கேட்கிறது?" என்று மைய நிலையம் அண்டை நிலையங்களை வினவும். நன்றாகக் கேட்கும் நிலையத்துக்குப் பேச்சை மாற்றும். கட்டளையைப் பேச்சு செல்லும் அதே வழியில் அனுப்ப வேண்டியிருந்ததால், நொடிப்பொழுது பேச்சை நிறுத்திக் கட்டளையை இடையே செருகினார்கள்.

1991-இல் பின்லாந்து நாட்டில் முதல் பேச்சைக் கண்ட ஜி.எஸ்.எம். என்னும் முறை, செல்பேசியையே அளவாளர் ஆக்கியது. அளப்பவன் செல்பேசி, முடிவு செய்பவன் வலையமைப்பு. இந்தப் பங்கீடு இன்றுவரை தொடர்கிறது. 1995 சூலை 31-இல், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி, நம் நாட்டின் செல்பேசிச் சேவையைத் தொடங்கி வைத்தாரே, அப்போது இங்கே வந்ததும் இந்த ஜி.எஸ்.எம். முறைதான்.

"பேசிக்கொண்டே எப்படி அளக்க முடியும்?" என்று கேட்பீர்கள். ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? ஒரு வாய்க்கால், எட்டு வயல், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு முறை. ஜி.எஸ்.எம். முறையிலும் ஓர் அலைவரிசையை எட்டுச் செல்பேசிகள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு முறையின் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டு முறைகளும் ஒரு சுற்று வர ஏறத்தாழ 4.6 மில்லி விநாடி ஆகும். உங்கள் செல்பேசி அந்தச் சுற்றில் ஒரு முறை கேட்கும். வேறோர் அலைவரிசையில் ஒரு முறை பேசும். மீதி நேரம் அதற்கு ஓய்வு. அந்த ஓய்வில் அது தூங்குவதில்லை. அண்டை நிலையங்களின் அலைவரிசைகளுக்குத் தாவி, அவற்றின் வலிமையை அளந்துவிட்டு, தன் முறை வருவதற்குள் திரும்பிவிடுகிறது. உங்கள் செவிக்கோ குரல் தொடர்ந்து ஒலிப்பதாகவே தோன்றும்.

அண்டை நிலையங்களின் பட்டியலைச் செல்பேசிக்குக் கொடுப்பது வலையமைப்பு. அப்பட்டியலில் 32 வரை இருக்கலாம். அவற்றுள் மிக வலிமையான ஆறின் அளவுகளையும், தான் இப்போது சார்ந்துள்ள நிலையத்தின் அளவையும் 480 மில்லி விநாடிக்கு ஒரு முறை செல்பேசி எழுதி அனுப்பும். அஃதாவது, விநாடிக்கு இரண்டு அறிக்கைகள். என் பேத்தி பாட்டியோடு பேசிய பத்து நிமிடத்தில், அவள் அறியாமலே அவள் செல்பேசி இவ்வகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிக்கைகளை அனுப்பியிருக்கும். நான்காம் தலைமுறை எனப்படும் எல்.டி.இ. முறை வந்தபின் இது மேலும் சிக்கனமாயிற்று. "இன்ன நிலைமை ஏற்பட்டால் எனக்குத் தெரிவி" என்று வலையமைப்பு முன்கூட்டியே சொல்லி வைக்கும். அந்த நிலைமை வரும்வரை செல்பேசி அளந்துகொண்டு வாளா இருக்கும். வந்தவுடன் அறிக்கை அனுப்பும்.

அந்த நிலைமை யாது? "அண்டை நிலையம் சிறிதளவு மேலானால் உடனே தெரிவி" என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. வானலையின் வலிமை நிலையாக இராது. ஒரு மரம், ஒரு லாரி, நீங்கள் தலையைத் திருப்புதல் ஆகியவை போதும். அது ஏறும், இறங்கும். எல்லையில் நிற்பவனுக்கு இந்தக் கணம் இந்த நிலையம் மேல். அடுத்த கணம் அந்த நிலையம் மேல். ஒவ்வொரு முறையும் மாற்றினால் பேச்சு பந்துபோல் இங்கும் அங்கும் அடிபடும். மேசைப் பந்தாட்டத்தின் பெயரால் இதனைப் 'பிங்-பாங்' என்றே பொறியியலார் அழைக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு செலவும், தவறிப்போகும் அபாயமும் உண்டு ஆதலால், வீண் மாற்றம் கேடு.

எனவே இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தார்கள். ஒன்று, மேம்பாடு கணிசமாக இருக்க வேண்டும். மற்றொன்று, அது நிலைத்திருக்க வேண்டும். உதாரணமாக, அண்டை நிலையம் 3 டெசிபெல் அளவு மேலாக இருந்து, அந்நிலை 320 மில்லி விநாடி நீடித்தால் தெரிவி என்று சொல்லலாம். டெசிபெல் என்பது விகித அளவு. 3 டெசிபெல் என்றால் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல்; 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. 320 மில்லி விநாடியில் எங்கள் வண்டி சுமார் 10 மீட்டர் நகர்ந்திருக்கும். அந்தப் பத்து மீட்டரிலும் புதிய நிலையம் தன் மேம்பாட்டை இழக்காதிருந்தால்தான் அது நம்பத் தக்கது.

பொறுமையும் அளவோடு இருக்க வேண்டும். மிகுதியாகப் பொறுத்தால், பழைய நிலையத்தின் அலை கட்டளையைக்கூடக் கொண்டு சேர்க்க இயலாதவாறு மெலிந்துவிடும். வண்டியோ நிற்காது. அவசரப்பட்டால் ஊசலாட்டம், தாமதித்தால் அறுபடுதல். இந்த இரண்டுக்கும் இடையே ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற அளவைக் கண்டறிவதே இத்துறைப் பொறியியலாரின் அன்றாட வேலை.

சரி, அறிக்கை வந்துவிட்டது. உடனே, "போ" என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதை விளக்க, நான் செய்த ஒரு தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், அரசு அலுவலர் ஒருவர் ஆண்டின் நடுவே வெளியூருக்கு மாற்றப்பட்டார். அவருடைய மகன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். "நாளைக்கே புறப்பட வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாருங்கள்" என்று தந்தை கேட்டார். அவருடைய அவசரத்துக்கு இரங்கி, அன்று மாலையே வருகைப் பதிவேட்டில் பையனின் பெயரை அடித்துவிட்டுச் சான்றிதழைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். என்னைப் பெரிய உபகாரி என்று எண்ணிக்கொண்டேன். அந்த ஊரில் அவர்கள் சென்ற பள்ளியில் இடம் இல்லை. அடுத்த பள்ளியில் அந்த மொழிப் பிரிவு இல்லை. நாற்பது நாட்கள் அந்தப் பையன் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை. என் பதிவேட்டில் அடிபட்ட பெயர் வேறொரு பதிவேட்டில் ஏறவில்லை. பிறகு இடம் கிடைத்தது. ஆனால், அரையாண்டுத் தேர்வு போயிற்று. கணக்கில் அவனுக்கு இருந்த உறுதியும் போயிற்று என்று தந்தை எழுதியிருந்தார். தவறு என்னுடையது. நான் முதலில் அங்குள்ள தலைமையாசிரியருக்கு எழுதி, இடம் உண்டு என்ற விடை வந்த பிறகல்லவா பெயரை அடித்திருக்க வேண்டும்? அதற்குப் பின் ஓய்வு பெறும்வரை அவ்வாறே செய்தேன்.

நான் காலங் கடந்து கற்ற அந்தப் பாடத்தைச் செல்பேசி வலையமைப்பு ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடைப்பிடிக்கிறது. எல்.டி.இ. முறையில் நடப்பதை வரிசையாகக் கேளுங்கள்.

செல்பேசியின் அறிக்கை கண்ட பழைய நிலையம், புதிய நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது: "இன்ன செல்பேசி உங்கள் பக்கம் வருகிறது, இன்ன வகைப் பணி அதற்கு நடந்துகொண்டிருக்கிறது, இடம் உண்டா?" இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள இணைப்பின் வழியே இது செல்லும். புதிய நிலையம் தன் சுமையைப் பார்க்கிறது. இடம் இல்லையென்றால் மறுத்துவிடும். பழைய நிலையம் வேறு நிலையத்தை நாட வேண்டும். இடம் உண்டென்றால், வரப்போகும் செல்பேசிக்கு ஓர் எண்ணை ஒதுக்கி, அது வந்து கதவைத் தட்டுவதற்கென்றே ஓர் அடையாள ஒலியையும் குறித்து, இவற்றை ஒரு மடலில் இட்டுப் பழைய நிலையத்துக்கு அனுப்புகிறது. பழைய நிலையம் அம்மடலைப் பிரித்து மாற்றாமல் செல்பேசியிடம் கொடுக்கிறது. அதுவே கட்டளை. மாற்றுச் சான்றிதழும், புதிய பள்ளியின் சேர்க்கை ஆணையும் ஒரே உறையில் வருவதைப் போன்றது அது.

இந்தக் கட்டளை மறைகுறியாக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு வருகிறது. ஆதலால், இடையே ஒரு போலி நிலையம் புகுந்து செல்பேசியை வேறு பக்கம் ஓட்டிச் செல்வது எளிதன்று.

கட்டளை பெற்ற செல்பேசி, பழைய நிலையத்தை விட்டுப் புதிய நிலையத்தின் அலைக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டு, கொடுத்த அடையாள ஒலியால் கதவைத் தட்டுகிறது. புதிய நிலையம், "வா, உன்னை எதிர்பார்த்தேன்" என்று ஏற்கிறது. விடுவதற்கும் சேர்வதற்கும் இடையே ஒரு மிகச் சிறு இடைவெளி உண்டு. அது விநாடியின் நூறில் சில பங்குகளே. அந்த இடைவெளியில் பாட்டி சொன்ன சொல் என்ன ஆகும்? அதனைப் பழைய நிலையம் வீசியெறிவதில்லை. செல்பேசிக்குச் சேராத செய்தித் துணுக்குகளை, வரிசை எண் குறித்துப் புதிய நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறது. பின்னர்ப் புதிய நிலையம் மைய அமைப்புக்கு, "இவனுக்குரியவற்றை இனி என்னிடமே அனுப்புங்கள்" என்று தெரிவிக்கிறது. எல்லாம் முடிந்தபின், "உங்கள் பொறுப்பு தீர்ந்தது" என்று பழைய நிலையத்துக்குச் சொல்கிறது. அந்தச் சொல் வந்த பிறகே பழைய நிலையம் தன் பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்கிறது. நான் முதலில் செய்ததை அது கடைசியில் செய்கிறது!

முடிவு வலையமைப்பின் கையில் இருப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. வைகுண்ட ஏகாதசி நாளில் திருவரங்கத்தில் திரளும் மக்களை எண்ணிப் பாருங்கள். கோவிலருகே உள்ள நிலையத்தின் அலையே அனைவருக்கும் வலிமையாகக் கிட்டும். எல்லோரும் அதையே பற்றினால் அது திணறிப்போகும். சற்றுத் தள்ளியுள்ள நிலையத்தில் இடம் இருக்கும். அப்போது, எல்லையோரத்தில் உள்ள செல்பேசிகளைச் சற்று முன்கூட்டியே தள்ளியுள்ள நிலையத்துக்கு அனுப்புமாறு ஒப்பீட்டு அளவுகளை வலையமைப்பு மாற்றிக்கொள்ள இயலும். தனக்கு நல்லதை மட்டும் பார்க்கும் செல்பேசியால் இதைச் செய்ய முடியாது. எல்லோரையும் ஒருங்கே காணும் ஓரிடம் வேண்டும்.

இவ்வளவு முன்னேற்பாடு இருந்தும் சில வேளைகளில் பேச்சு அறுந்து போவதை நாம் அறிவோம். சுரங்கப் பாதையில் வண்டி நுழையும்போதும், மலைப்பாதையின் வளைவில் பேருந்து திரும்பும்போதும், அலை படிப்படியாகக் குறையாமல் திடீரென்று வீழ்ந்துவிடும். கட்டளை புறப்படுமுன் கேட்கும் ஆற்றல் போய்விடும். அப்போது செல்பேசி, கிடைத்த நிலையத்தைப் பற்றிக்கொண்டு, "என் பேச்சு அறுந்தது, மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வேண்டும். அதனைப் பற்றிய குறிப்பு அந்த நிலையத்தில் இருந்தால், அல்லது பழைய நிலையத்திலிருந்து பெற முடிந்தால், பேச்சு பிழைக்கும். இல்லையேல் தொடக்கத்திலிருந்து மீண்டும் அழைக்க வேண்டியதுதான். எங்கே மிகத் தாமதித்தோம், எங்கே மிக அவசரப்பட்டோம், எங்கே தவறான நிலையத்துக்கு அனுப்பினோம் என்று இத்தகைய தோல்விகளை வகைப்படுத்தி, அளவுகளைத் தாமே திருத்திக்கொள்ளும் ஏற்பாடுகளும் இன்றைய வலையமைப்புகளில் உண்டு.

இடைக்காலத்தில் வந்த சி.டி.எம்.ஏ. முறையில் வேறொரு வழியைக் கையாண்டார்கள். அங்கே எல்லாச் செல்களும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பேச்சும் தனக்குரிய குறியீட்டால் பிரித்தறியப்படும். ஆகவே, எல்லையில் செல்பேசி இரண்டு மூன்று நிலையங்களோடு ஒருங்கே பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒன்றை மெல்ல விடும். ஆற்றைக் கடப்பவன் முன்கால் பாறையில் ஊன்றிய பின் பின்காலை எடுப்பது போன்றது அது. அழகிய முறைதான். ஆனால், ஒருவனுக்காக இரண்டு மூன்று நிலையங்களின் வளம் செலவாகும். எல்.டி.இ. முறையை வகுத்தவர்கள் அந்தச் செலவை ஏற்காமல், ஒரு நேரத்தில் ஒரு நிலையம், ஆனால் முன்னேற்பாடு முழுமையாக என்ற கொள்கையைத் தேர்ந்தார்கள்.

நம் நாட்டில் 2022 அக்டோபர் 1-இல் தொடங்கப்பட்ட ஐந்தாம் தலைமுறைக்கும் அடிப்படை அதுவே. அதன் உலகப் பொது விதிகளில் 2020-ஆம் ஆண்டு ஒரு புதுமை சேர்ந்தது. அதற்கு நிபந்தனைக் கைமாற்றம் என்று பெயர். அலை நன்றாக இருக்கும்போதே, பழைய நிலையம் ஒன்றுக்கு மேற்பட்ட அண்டை நிலையங்களில் இடம் பேசி வைத்துவிட்டு, கட்டளைகளை முன்கூட்டியே செல்பேசியிடம் கொடுத்துவிடுகிறது: "இன்ன நிலைமை வந்தால் இந்த நிலையத்துக்குப் போ, மற்றொரு நிலைமை வந்தால் அந்த நிலையத்துக்குப் போ, என்னைக் கேட்க வேண்டாம்." கட்டளையைக் கேட்க இயலாத இடத்தில் கட்டளைக்குக் காத்திருக்கும் இடர் இதனால் நீங்குகிறது. இங்கும் உரிமை வலையமைப்புடையதே. ஆனால், நிறைவேற்றும் கணத்தைச் செல்பேசியின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நல்ல மாணவனிடம் ஆசிரியர் வகுப்பை ஒப்படைத்துச் செல்வதைப் போல என்று சொல்லலாம்.

மாணவச் செல்வங்களே, இதில் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. பேச்சு அறாமல் இருப்பதற்குக் காரணம் அலையின் வலிமை மட்டும் அன்று. எந்த நிலையத்தின் அலையும் ஒரு நாள் மெலியத்தான் செய்யும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது அல்லவா? மெலிவதை நேர்மையாக அளந்து சொல்லும் செல்பேசி, அதைக் கேட்டு அடுத்தவரிடம் முன்கூட்டியே இடம் கேட்கும் பழைய நிலையம், கேட்டதும் இடம் ஒதுக்கிக் காத்திருக்கும் புதிய நிலையம் ஆகிய மூன்றும் தத்தம் கடமையைச் செய்வதால்தான் பேச்சு நிற்காமல் தொடர்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் அது அறும்.

இவற்றையெல்லாம் என் பேத்திக்கு ஒரு மாலைப் பொழுதில் விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால், தாத்தா, நான் அன்று தவறாகச் சொல்லிவிட்டேன். அந்த டவர்கள் நம்மை விட்டுவிடவில்லை, அடுத்த டவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பின்னால் போயிருக்கின்றன" என்றாள்.

நான் இவ்வளவு நேரம் பேசியதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.